ஏகாம்பரத்தின் பிள்ளைகள் ஐந்து பேர்

தென்னேரி ஏகாம்பரத்துக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். அவர் செத்த பிறகு தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் மூன்று பேர். காணாமல் போன இரண்டு பேரும் பெண்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனிக்காரன் நிலம் கேட்டு வர ஆரம்பித்த நாளிலிருந்து இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அக்கா தங்கைகள் இப்படித்தான் இல்லாமல் போயிருக்கிறார்கள்.

சான்றிதழுக்கான மனுவைத் தட்டச்சு செய்தது ஏகாம்பரத்தின் பேத்தி தேவகி. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. காஞ்சிபுரம் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று நாள் முழுக்க ஊரார் பெயர்களை அடித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவள் அப்பா அப்பாதுரை வந்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயரையும் இரண்டு தம்பிகள் பெயரையும் வயதோடு சொன்னார். அவள் அடித்தாள். அடித்து முடித்து, அத்தைங்க பேரு என்று கேட்டு விரலை நிறுத்தினாள். பூங்காவனம்தான் செத்துப் போய்விட்டாளே, இந்திராணிக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் கல்யாணத்திலேயே செய்தாகிவிட்டதே, நீ பிரிண்ட் எடும்மா என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அது அவளுக்குத் தப்பு என்றுகூடத் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தால், அந்தப் பிரிண்டரைத் தூக்கி அப்பன் தலையில் போடாமல் விட்டோமே என்று வயிறு எரிகிறது.

சான்றிதழ் வந்தது. நிலம் கைமாறியது. கம்பெனி மதில் எழும்பிய பிறகுதான் சின்ன அத்தை இந்திராணிக்கு விஷயமே தெரியும். திருப்புட்குழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, அண்ணன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. யார் கேட்டாலும் அப்பாதுரைக்குக் கூடப் பிறந்த பெண்கள் கிடையாது. முதலில் கிராம நிர்வாக அதிகாரியிடம் அப்படிச் சொன்னார்கள், அப்புறம் பேங்கில் சொன்னார்கள், அப்புறம் பழகிப் போய்க் கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னார்கள். அப்பாதுரை கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறவர். அவர் சொன்னதை மறுத்துப் பேச அந்த ஊரில் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை, போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் போன வருஷம் ஆடி மாதம் தேவகியின் இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது.

அவளுக்கு அப்போது வயது முப்பத்தேழு. புருஷன் கதிர்வேல் ஒரகடத்துக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். ஏனாத்தூரில் காலேஜ் பக்கமாகச் சொந்தமாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். கட்டி என்றதும் அம்மா துளசி பதறிப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னாள். ஸ்கேன் சென்டர் முதலாளி அப்பாதுரைக்குக் கட்சியில் பழக்கம். காத்திருக்காமல் உள்ளே போகலாம் என்று அவரே மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நல்லதுக்குத்தான் போனார். அந்த ஆளைப் பற்றி அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா பொறுமையானவர். கட்டி பதினான்கு மில்லிமீட்டர், உருண்டையாக இருக்கிறது, ஓரம் வழுவழுவென்று இருக்கிறது, பார்வைக்கு சாதாரண நார்க்கட்டி மாதிரிதான் தெரிகிறது என்றார். அப்புறம் குடும்பத்தில் யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்று வந்திருக்கிறதா என்று கேட்டார். அம்மா வழியில் யாருக்கும் இல்லை என்றாள் தேவகி. அப்பா வழியில், அத்தைமார்களுக்கு என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கதவோரம் நின்ற அப்பாதுரை பதில் சொன்னார்.

"எனக்குக் கூடப் பொறந்த பொம்பளைங்களே கெடையாது டாக்டர்."

தேவகி வாயைத் திறக்கவில்லை. பயந்து போய் இல்லை, அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை. பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட வாசகம் இன்னொரு முறை காதில் விழுந்தது, அவ்வளவுதான். வீட்டில் யாருக்காவது இருந்திருந்தால் இப்போதே ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிடலாம், இல்லை என்பதால் ஆறு மாதம் கழித்து வந்து இன்னொரு ஸ்கேன் எடுங்கள் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அப்பாவும் மகளும் வெளியே வந்து, பெரிய பாரம் இறங்கிய நிம்மதியில் ஆளுக்கொரு டீ குடித்தார்கள்.

ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மார்கழியில் கட்டி நாலு சென்டிமீட்டர் ஆகி, அக்குளில் நெறி கட்டிவிட்டது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பயாப்சி எடுத்து, அது மூன்றாம் கிரேடு புற்று என்று சொன்னார்கள். கீமோ ஏற்றினார்கள், மார்பை எடுத்தார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். முடி கொட்டியது, நகம் கறுத்தது. ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டார்கள். பையன் டிஃபன் பாக்ஸை அவனே கட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகக் கற்றுக்கொண்டான்.

இவ்வளவுக்கும் தென்னேரி வீட்டில் பேசப்பட்டது என்னவென்றால், இது துளசி பிறந்த வீட்டு வியாதி என்பதுதான். முதல் நாளே துளசி, பூங்காவனத்துக்கு வந்த மாதிரியே வந்திருக்குதே என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்பாதுரை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆள் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், அவங்க வழியில வந்திருக்குது, நாங்க இன்னா பண்றது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். துளசி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். பரம்பரையாக வருகிற வியாதிகளைப் பற்றி விளக்கிச் சொல்வது அவள் வேலை. பெயர் வைதேஹி. சின்ன காஞ்சிபுரத்துக்காரி, தாத்தா பெருமாள் கோயிலில் பாராயணம் பண்ணுகிறவர் என்று தெரிந்ததும் தேவகிக்கு ஊர்ப் பாசம் வந்து ஒட்டிக்கொண்டது. வைதேஹி கட்டியின் ரிப்போர்ட்டை மேசையில் விரித்து, விரலை வைத்துக் காட்டிக் காட்டிச் சொன்னாள். மருந்து பிடித்துக்கொள்வதற்கு மார்புப் புற்றில் பொதுவாக மூன்று இடம் தேடுவார்கள், உங்கள் கட்டியில் மூன்றுமே இல்லை. செல்கள் வெகு வேகமாகப் பிரிகின்றன. கட்டி வேர் விட்டுப் பரவாமல் சுற்றியிருக்கிற சதையைத் தள்ளிக்கொண்டு உருண்டையாக வளர்ந்திருக்கிறது, அதனால்தான் ஸ்கேனில் சாது மாதிரித் தெரிந்தது. வயதோ நாற்பதுகூட ஆகவில்லை. இத்தனையும் சேர்ந்து வந்தால் அது ரத்தத்தோடு வந்ததோ என்று நாங்கள் சந்தேகப்படுவோம், உங்கள் வீட்டில் எவரும் இல்லை என்று எழுதியிருக்கிறதே, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள்.

தேவகி அப்போதும் உடனே சொல்லவில்லை. ரத்தம் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. பிஆர்சிஏ ஒன்று என்கிற மரபணுவில் பழுது இருந்தது. இது அம்மாவிடமிருந்து வந்ததா அப்பாவிடமிருந்து வந்ததா என்று தெரிய வேண்டும் என்றாள் வைதேஹி. அப்பாதுரை கட்சி மாநாடு இருக்கிறது என்று போய்விட்டார். துளசி மறுபேச்சில்லாமல் கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள். துளசிக்கு அந்தப் பழுது இல்லை.

அப்படியானால் அது அப்பா வழி. ஆணுக்குள் அது சத்தமில்லாமல் இருக்கும், அவருக்கு ஒன்றும் ஆகாமலே பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் போய்ச் சேரும் என்று வைதேஹி விளக்கினாள். அப்போதுதான் தேவகி சொன்னாள். பெரிய அத்தை பூங்காவனம், முப்பத்தொன்பது வயதில் மார்பில் கட்டி வந்து செத்தாள், பிள்ளை கிடையாது. சின்ன அத்தை இந்திராணி, நாற்பத்து நாலு வயதில் வயிறு வீங்கிச் செத்தாள், சினைப்பையில் கட்டி என்று அம்மா சொல்லிக் கேள்வி. இரண்டு பேரையும், சண்டை போட்டுவிட்டுப் போன இந்திராணியைக்கூட, கடைசி வரை கூட இருந்து பார்த்தவள் அம்மாதான்.

வைதேஹி பேனாவை வைத்துவிட்டாள். அவளுக்கும் கோபம்தான், ஆனால் அது வேலையிடம். முதல் ஸ்கேனின்போது இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பயாப்சி எடுத்திருப்பார்கள் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. தேவகிக்கே தெரிந்தது. பதினான்கு மில்லிமீட்டருக்கும் நாலு சென்டிமீட்டருக்கும் நடுவில் இருந்தது அப்பா சொன்ன ஒரு வரி, அவள் சொல்லாமல் விட்ட ஒரு வரி. வைதேஹி கேட்டது வேறொன்று. இந்திராணிக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள்.

ஒரு பெண். அபிநயா. முப்பத்தொரு வயது.

அவளை உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள் வைதேஹி. பரிசோதனைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடுகிற பாரம் ஒன்றையும் கொடுத்து அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே தேவகி தென்னேரிக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். அப்பாதுரை கேட்டுக்கொண்டார். மகள் தலையில் அரை அங்குலம் முளைத்திருந்த முடியைப் பார்த்தார். கண் கலங்கக்கூடச் செய்தது. கலங்கிவிட்டு, அபிநயா பக்கம் போகக் கூடாது என்றார். அவளிடம் போய் அத்தை, அம்மா, பரம்பரை என்று பேசினால் ஆஸ்பத்திரியில் எழுத்தில் ஏறும், எழுத்தில் ஏறினால் அவள் வக்கீலிடம் போவாள், பொய்ச் சான்றிதழ் என்று தன்னை உள்ளே தள்ளுவார்கள், தம்பிகளும் மாட்டுவார்கள், தட்டச்சு செய்த நீயும் மாட்டுவாய் என்று வரிசையாக எடுத்துச் சொன்னார். யோசித்து வைத்திருந்தார். பன்னிரண்டு வருஷமாக யோசித்து வைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு செத்துட்டா இன்னா பண்ணுவ நைனா?" என்று கேட்டாள் தேவகி.

எல்லாருக்கும் வரும் என்று இல்லையே, பாதிக்குப் பாதி என்றுதானே சொன்னார்கள் என்றார் அப்பாதுரை. தேவகி செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் அங்கே நின்றிருந்தால் பெற்ற அப்பனைக் கைநீட்டி அடித்திருப்பாள்.

மறுநாள் காலையில் கதிர்வேல் பைக்கில் கொண்டுபோய்த் திருப்புட்குழியில் இறக்கிவிட்டான். அபிநயா கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் தைத்து ஆரி வேலை செய்து கொடுக்கிறவள். முன் அறையில் மரச் சட்டத்தில் சிவப்புத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. அதன் மேல் குனிந்து ஊசியில் மணி கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளுக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் இறுகிப் போயிற்று. உட்காரச் சொல்லவில்லை.

தேவகி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கு வந்தது, அது எந்த வழியில் வந்தது, அபிநயாவுக்கும் இருக்கலாம் என்பது. சொல்லி முடித்து, பையிலிருந்து அந்தப் பாரத்தை எடுத்து நீட்டினாள். அங்கேதான் தப்பு பண்ணினாள்.

அபிநயா அதைத் தொடவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"ஆஸ்பத்திரி காயிதம்னு சொல்லித்தான் எங்கம்மாகிட்டயும் உங்க அப்பா கையெழுத்து வாங்கிக்கினு போனாரு. அது செத்துக்கினு இருக்குது, கண்ணு தெறக்க முடியல, கையப் புடிச்சி போட வச்சாரு. இன்னா காயிதம்னு இன்னிக்கி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. இப்ப என்கிட்ட நீங்க எடுத்தாந்து நீட்றீங்க அண்ணி."

தேவகிக்கு இது புதிது. அப்பா எவ்வளவு தூரம் போவார் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள். செத்துக்கொண்டிருக்கிற தங்கையின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவார் என்று அவளுக்குத் தெரியாது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் அந்தக் கோபத்தை இந்தப் பெண்ணிடம் காட்ட அவளுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது. பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாள் கொடு என்று கேட்டாள். அபிநயா ஜாக்கெட் அளவு எழுதி வைக்கிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

தேவகி தரையில் உட்கார்ந்து எழுதினாள். தென்னேரி ஏகாம்பரத்துக்குப் பிள்ளைகள் ஐந்து பேர் என்று எழுதி, ஐந்து பெயரையும் பிறந்த வரிசையில் எழுதினாள். வாரிசுச் சான்றிதழ் மனுவில் பூங்காவனம், இந்திராணி இருவர் பெயரையும் வேண்டுமென்றே விட்டுத் தட்டச்சு செய்தவள் நான் என்று எழுதினாள். கீழே கையெழுத்து, தேதி, ஆதார் எண், போன் நம்பர். மனு எழுதுகிற வேலையில் பழகிய கை, ஒன்றையும் விடவில்லை. எழுதிய தாளை அபிநயா கையில் கொடுத்தாள்.

"இத வச்சி நீ இன்னா வேணாலும் பண்ணிக்கோ. கேஸ் போடு, என்னியும் சேத்தே போடு. ஆனா இன்னிக்கே என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

அபிநயா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கேட்டது நிலத்தைப் பற்றி இல்லை. எங்கம்மாவுக்கு வந்தது கல்லீரல் வீக்கம் என்றுதானே மாமா சொன்னார் என்று கேட்டாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் வீட்டில் கேன்சர் என்று வெளியே தெரியக் கூடாது என்று ஆஸ்பத்திரி ஃபைலையும் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். உன் நல்லதுக்குத்தான் என்றாராம். சினைப்பையில் கட்டி என்று தேவகி சொல்ல, அபிநயா மரச் சட்டத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அப்புறம் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கு இங்க ஒண்ணு இருக்குது அண்ணி. இந்தக் கட்டைல சாஞ்சிக்கினே வேல செய்யறமே, இடிச்சி இடிச்சி ரத்தம் கட்டிக்கிச்சின்னு நெனச்சிக்கினு இருக்கேன். ரெண்டு மாசமாகுது."

அவளே தேவகியின் கையைப் பிடித்து வலது மார்பின் பக்கவாட்டில் வைத்தாள். சின்னதாக, உருண்டையாக, விரலுக்கு அகப்படாமல் நழுவியது. தேவகிக்கு அந்த வழுவழுப்பு தெரியும். தன் உடம்பில் ஆடி மாதம் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்ட அதே வழுவழுப்பு. அழுகை வரவில்லை. அப்பாவின் மேல் கோபம் மட்டும் வந்தது. அது இதுவரை வந்த கோபம் எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்தது.

அன்றே போனார்கள். ஸ்கேனில் பதினோரு மில்லிமீட்டர் என்று வந்தது. அங்கேயும் ஓரம் வழுவழுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை தேவகி பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு அத்தைகளின் பெயரையும் வயதையும் வியாதியையும் டாக்டரிடம் சத்தமாகச் சொன்னாள். யாரும் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லவில்லை. அப்போதே ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. மூன்றாம் கிரேடு, மருந்து பிடிக்கிற மூன்று இடமும் இல்லை. தேவகியின் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியது போல இருந்தது. பின்னால் வந்த ரத்தப் பரிசோதனையிலும் அதே பழுது. ஒன்றே ஒன்றுதான் வேறு. அக்குளில் நெறி இல்லை, எங்கும் பரவவில்லை. சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று வைதேஹி சொன்னதும் அபிநயா தேவகியின் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே அழுதாள். கீமோ முடிந்து இரண்டு மார்பையும் எடுப்பதா, பிள்ளை பெற்றுக்கொண்டு பிறகு சினைப்பையை எடுப்பதா என்று இனி அவள் முடிவு செய்ய வேண்டியது நிறைய இருந்தது. முடிவு செய்வதற்கு அவளுக்குக் காலம் இருந்தது.

அபிநயாவின் புருஷன் பழனி சும்மா இருக்கிற ஆள் இல்லை. தேவகி எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு போய்க் காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலிடம் காட்டினான். வக்கீலின் குமாஸ்தா அப்பாதுரையின் கட்சி. தாள் வக்கீல் மேசையில் இருக்கும்போதே செய்தி தென்னேரிக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாதுரை மகளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் போனபோது கூடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். துளசி சமையல் கட்டு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். தேவகி நாற்காலியில் உட்கார்ந்தாள். கீமோவுக்குப் பிறகு அவளால் அதிக நேரம் நிற்க முடிவதில்லை.

அவர் முதலில் அபிநயாவைப் பற்றிக் கேட்பார் என்று தேவகி எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்பதை நினைத்துப் பிற்பாடு அவளுக்கே வெட்கமாக இருந்தது. பயாப்சி எடுத்தது ஊருக்கே தெரியும். கூடப் பிறந்தவளின் ஒரே பெண். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்கு அப்பா மேல் ஏதாவது கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்.

"அந்த மாதிரி காயிதம் எத்தினி எழுதிக் குடுத்திருக்கிற?" என்று கேட்டார் அப்பாதுரை.

தேவகி அவரையே பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அபிநயாவுக்குப் பதினோரு மில்லிமீட்டர். நெறி ஏறல. பொழச்சிக்குவா. நீ கேக்கல, நானாதான் சொல்றேன்."

அவர் காதில் அது ஏறியதாகவே தெரியவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார். ஒரே ஒரு கையெழுத்து கோர்ட்டில் நிற்காது என்று அவருடைய ஆள் சொல்லிவிட்டானாம். மகளுக்கு உடம்பு சரியில்லை, மருந்து தலைக்கேறி அப்பன் மேல் இருக்கிற கோபத்தில் எதையோ எழுதிவிட்டாள் என்று சொன்னால் தீர்ந்தது என்றார். அந்தக் காலத்தில் கூட இருந்து பார்த்தவர்கள் யாராவது சொன்னால்தான் உண்டு, தம்பிகள் சொல்ல மாட்டார்கள், ஊரில் எவனும் சொல்ல மாட்டான். சொல்லச் சொல்ல அவருக்கே தைரியம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துளசியைப் பார்த்து, பொண்ணுக்குக் காபி போட்டுக் குடு என்றார்.

துளசி சமையல் கட்டுக்குள் போகவில்லை. இரண்டு நாத்தனார்களுக்கும் மலம் மூத்திரம் எடுத்தவள். அந்த வீட்டில் முப்பத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். மகளின் நாற்காலிப் பக்கமாக வந்து நின்று, அந்தக் காகிதம் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். தேவகி அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த பிரதியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். துளசி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து முழுக்கப் படித்தாள். அப்பாதுரை எழுந்து நின்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சாட்சி எங்க போடணும்மா?" என்று மகளைக் கேட்டாள்.

தேவகி இடத்தைக் காட்டினாள். துளசி தாளை நாற்காலிக் கையில் வைத்து அழுத்தி, அ. துளசி என்று போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்குக் கீழே யாரும் கேட்காமலே எழுத ஆரம்பித்தாள். பூங்காவனம், என் பெரிய நாத்தனார், மார்பில் கட்டி, மாசி மாதம் செத்தாள், கூட இருந்தது நான். இந்திராணி, என் சின்ன நாத்தனார், சினைப்பையில் கட்டி, ஐப்பசி மாதம் செத்தாள், கூட இருந்தது நான். அப்பாதுரை ஏதோ சொல்லிக்கொண்டே கிட்டே வந்தார். தேவகி எழுந்து அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். துளசி கடைசி வரியை எழுதி முடிக்கும் வரை நின்றாள்.